இருபது பாகத்தில் ராணி கலர்

உக்காருங்கம்மா. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கோங்க, ஃபேனை இந்தப் பக்கம் திருப்புதேன். சேலை ரெடி இல்லைன்னு யார் சொன்னா? ஃபால்ஸ் வெட்டி, நனைச்சு, காய வச்சு, இஸ்திரி போட்டு எடுத்து வச்சாச்சு. தைக்கிறது ஒண்ணுதான் பாக்கி. தைக்கிற ஆளு கடலுக்குப் போயிருக்கா. ஒண்ணரைக்கு வந்துருவா. நிச்சயதார்த்தம் சாயங்காலம் ஆறு மணிக்குத்தானே? அப்போ பயமே வேண்டாம்.

ஆமா, கடலுக்குத்தான். என் வீட்டுக்காரி. ஜெபக்கனின்னு பேரு. சனிக்கிழமை தவறாம மீன் பிடிக்கப் போறா.

நீங்க இப்படி முழிக்கிறதுல தப்பே இல்லை. நாங்க கடல்காரங்க கிடையாது. ரெண்டு பேருக்கும் சாத்தான்குளம் பக்கம். செம்மண் தேரி, பனங்காடு, ஆழம்னா கிணறு. இந்தத் தூத்துக்குடிக்கு வந்து முப்பது வருஷமா நான் பார்த்ததெல்லாம் ப்ளவுஸ் பிட்டு, லைனிங், பாவாடை நாடா. கடல் எந்தத் திசையில இருக்குன்னு காத்து வச்சுத்தான் தெரியும். ஆனா பாருங்க, அந்தப் படகுல ஒரு சீட்டுக்கு ஆறு வருஷமா ஆசைப்பட்டது நான். போறது அவ. இந்த நியாயத்தை நீங்கதான் கேட்டுச் சொல்லணும். சேலை வர்ற வரைக்கும் வேற என்ன வேலை உங்களுக்கு?

எதிர்ல டீக்கடை தெரியுதா? சனிக்கிழமை மத்தியானமானா அங்க நாலு பேரு ஒரு பழைய ஜீப்புல வந்து இறங்குவாங்க. கஸ்பார்னு ஒருத்தர், ஹார்பர்ல இழுவைக் கப்பல் ஓட்டி ரிட்டயர் ஆனவரு, சொந்தமா ஃபைபர் படகு வச்சிருக்காரு. முத்துமாலை சார், காலேஜ்ல பிசிக்ஸ் வாத்தியார். மூணாவது ஆளு பல் டாக்டர். அவரு பேரு எனக்கே தெரியாது, ஊரே பல் டாக்டர்னுதான் கூப்பிடும். நாலாவது ஒரு உப்பள முதலாளி. நாலு பேரும் விடிஞ்சதும் கடலுக்குப் போயி, தூண்டில் போட்டு, வெயில்ல வெந்து, மேலெல்லாம் உப்புப் பூத்து வந்து அங்க நின்னு சிரிப்பாங்க. அது சாதாரணச் சிரிப்பு இல்லம்மா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, ஒருத்தர் தோளை ஒருத்தர் அடிச்சு, டீ சிந்தி. அதை நான் இங்க லைனிங் துணிக்கு நடுவுல நின்னு ஆறு வருஷம் கேட்டிருக்கேன். என்கூட யாரும் அப்படிச் சிரிச்சது கிடையாது. நம்ம கடைக்கு வர்றவங்க எல்லாம் கலர் சேரலையேங்கிற கவலையோட வர்றவங்க. கலர் சேர்ந்ததும் போயிருவாங்க.

இந்தப் பங்குனியில அந்த உப்பள முதலாளி, கனடாவுல இருக்கிற மகன்கிட்டப் போயிட்டாரு. சீட்டு காலி. அன்னைக்கே நான் ரோட்டைத் தாண்டிட்டேன்.

கஸ்பார் வாங்கன்னும் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை. டீயை முழுசாக் குடிச்சு முடிச்சுட்டுச் சொன்னாரு: "ஒரு தடவை வந்து பாருங்க அண்ணாச்சி. சரிப்பட்டா சீட்டு உங்களுக்குத்தான். ஆனா ஜிக், நரம்பு எல்லாம் நீங்கதான் கொண்டு வரணும். என் பெட்டியில நான் யாரையும் கை வைக்க விடமாட்டேன்."

ஜிக்னா என்னன்னு தெரியுமா? ஈயத்துல மீன் மாதிரி வார்த்து, மேல பெயின்ட் அடிச்சு, கொக்கி மாட்டியிருப்பான். இரை கிரை ஒண்ணும் வேண்டாம். அதை நரம்புல, அதான் தூண்டில் நூல்ல, கட்டிக் கடல் தரை வரைக்கும் இறக்கி, தூக்கித் தூக்கி விடணும். மீன் அதை இன்னொரு மீன்னு நினைச்சுக் கடிக்கும். அவ்வளவுதான் வித்தை. கஸ்பார் எனக்கு மூணு விஷயம் சொன்னாரு. முதல்ல எடை: எத்தனை ஆழம், உள்ள நீரோட்டம் எவ்வளவுன்னு பார்த்துத்தான் ஈயத்தோட எடையை எடுக்கணுமாம். ரெண்டாவது நரம்பு: எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு நல்லது, தடிச்ச நரம்பைத் தண்ணி இழுத்துக்கிட்டுப் போயிருமாம். கடைசியாக் கலர்.

கடைசியாச் சொன்னாருன்னா என்ன அர்த்தம்? முக்கியமானதைத்தான் எல்லாரும் கடைசியில சொல்லுவாங்க. கல்யாணப் பேச்சுல பாருங்க, ஜாதகம், படிப்பு, வீடு வாசல் எல்லாம் பேசிட்டு எந்திரிக்கும்போதுதானே நகையைப் பத்தி வாயைத் திறக்காங்க.

கலர்னா நான் இந்த பஜார்ல யாருக்கும் பயப்பட மாட்டேன்மா. மாம்பழக் கலர்ல மட்டும் பதினோரு தினுசு என்கிட்ட இருக்கு. வெங்காயத் தோல், காப்பிப் பொடி, மயில் கழுத்து, வாடின மயில் கழுத்து. நீங்க கொண்டு வந்த அந்த ராமர் பச்சைக்கு நான் பெட்டியைத் திறந்ததும் எடுத்த முதல் பிட்டே சேர்ந்துச்சா இல்லையா? அதான். ஒரு மீனை ஏமாத்த முடியாதா என்னால?

ஹார்பர் பக்கத்துல தூண்டில் சாமான் விக்கிற கடைக்குப் போனேன். ஜிக் எல்லாம் பிளாஸ்டிக் கவர்ல தொங்குது. கவரைப் பிரிங்கன்னேன். பிரிச்சான். எங்க தொழில்ல ட்யூப் லைட்டை நம்பக்கூடாது, உங்களுக்கே தெரியும், எந்தத் துணியையும் வாசலுக்குக் கொண்டு போயி வெயில்ல வச்சுத்தான் பார்க்கணும். நான் ரெண்டு கையிலயும் ஜிக்கை எடுத்துக்கிட்டு ரோட்டுக்கு வந்துட்டேன். கடைக்காரன் பின்னாலேயே ஓடி வர்றான், தூக்கிட்டுப் போறேன்னு நினைச்சுட்டான். சட்டைப் பையில இருந்த சேலைத் துண்டுகளை எடுத்து ஒவ்வொண்ணாச் சேர்த்துப் பார்த்தேன். ஒண்ணு கூடச் சரியான கலர் இல்லை. சிவப்புன்னு எழுதியிருக்கான், செங்கல் கலர்ல இருக்கு. பச்சைன்னு எழுதியிருக்கான், பாசி பிடிச்ச தொட்டி மாதிரி இருக்கு. இதை வச்சு நாற்பது வருஷமா மீன் பிடிக்காங்கன்னா மீனோட அறிவைத்தான் சொல்லணும்.

கடைசியில நாற்பது கிராம் ஜிக் ஆறு வாங்கினேன். பெரிசா நூறு, நூத்தம்பதுன்னு இருந்துச்சு. பார்க்க லட்சணமே இல்லை, ஆட்டுக்கல் குழவி மாதிரி. நாற்பது கிராம்தான் கைக்கு அடக்கமா, கைக்குழந்தைக்குத் தைச்ச சட்டை மாதிரி அழகா இருந்துச்சு. வீட்டுக்கு வந்து இருந்த பெயின்டை எல்லாம் சுரண்டிட்டு, நானே நெயில் பாலிஷ் வாங்கி அடிச்சேன். ராணி கலர். கண்ணைப் பறிக்கிற அடர் ரோஸ். ஏன் ராணி கலர்? எந்தக் கூட்டத்துலயும் ராணி கலர் சேலை கட்டினவங்களைத்தான் முதல்ல பார்ப்பாங்க. மீனுக்கு மட்டும் கண்ணு வேற மாதிரியா இருக்கும்? அப்புறம் நரம்பு. ராணிக்கு ஆரஞ்சு நல்ல கான்ட்ராஸ்ட். ஆரஞ்சு கலர்ல ஒரே ஒரு நரம்புதான் அங்க இருந்துச்சு. கொஞ்சம் தடிமன்தான். ஜெபக்கனி அதை எடுத்து ரெண்டு விரலுக்கு நடுவுல உருட்டிப் பார்த்துட்டு, இது எந்த ஊசியிலயும் போகாதேன்னா. கடல்ல எதுக்குடி ஊசின்னு சொல்லிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

வியாழக்கிழமை முத்துமாலை சார் டீ குடிக்க வந்தாரு. பெருமையா ஒரு ஜிக்கை எடுத்துக் காட்டினேன். அவரு ரொம்ப மரியாதையான மனுஷன், மெல்லமாச் சொல்லுதாரு, அண்ணாச்சி, ஆழம் போகப் போக சிவப்பு எல்லாம் போயிரும், நாம போடுற இருபது பாகத்துல இது வெறும் கறுப்புதான்னு.

பாகம்னா ரெண்டு கையையும் விரிச்ச நீளம். எங்க கணக்குல ரெண்டு கஜம். நாற்பது கஜம் தண்ணிக்குள்ள போனா சாயம் போயிரும்னு என் முகத்துக்கு நேரா சொல்லுதாரு. எங்க அப்பா இந்தக் கடை போட்டப்ப போர்டுல கடைப்பேரை விடப் பெரிசா எழுதி வச்சது "சாயம் போகாது"ங்கிற வார்த்தைதான். நான் சண்டைக்குப் போகலை. வீட்டுக்குப் போயி ஒரு வாளித் தண்ணி எடுத்து, ரெண்டு படி கல்லுப்பைக் கரைச்சு, ஜிக்கை உள்ள போட்டு மூடி வச்சேன். முழுசா ஒரு நாள் ஊற விட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த வாளியைத் தூக்கிக்கிட்டு ரோட்டைத் தாண்டி டீக்கடை பெஞ்சுல சார் பக்கத்துல வச்சேன். திறந்து பாருங்கன்னேன். தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. ஜிக்கு ராணி கலர்ல அப்படியே மின்னுது.

சார் வாளியைப் பார்த்தாரு. என்னைப் பார்த்தாரு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. ரொம்ப நேரம் துடைச்சாரு. அப்புறம், "சரிதான் அண்ணாச்சி"ன்னாரு. படிச்ச மனுஷன் பாருங்க, தப்பை ஒத்துக்கிட்டாரு. அந்தக் குணம் எத்தனை பேருக்கு வரும்?

சனிக்கிழமை விடியக்காலம் கிளம்பும்போது ஜெபக்கனியும் சேலையை மாத்திக்கிட்டு வந்து நிக்கா. எனக்கு சுகர் இருக்கு, பதினோரு மணிக்குள்ள சாப்பிடலைன்னா கண்ணு இருட்டும், அதனால அவளும் வருவாளாம், இல்லைன்னா நானும் போகக்கூடாதாம். பத்து இட்லி, மிளகாய்ப் பொடி, எலுமிச்சம்பழம் ரெண்டு, கூடவே திங்கக்கிழமை குடுக்க வேண்டிய ஒரு பட்டுச் சேலை. சும்மா உக்காந்திருக்கிற நேரத்துல ஃபால்ஸுக்குக் கைத்தையல் போட்டுருவேன்னுட்டா. எனக்கு மானமே போச்சு. சீட்டு கேட்கப் போறவன் பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டா போவான்? கஸ்பார் அவளைப் பார்த்தாரு, கூடையைப் பார்த்தாரு, படகு சாயாம நடுவுல உக்காரச் சொன்னாரு. அதோட சரி.

ஒண்ணரை மணி நேரப் படகு ஓட்டம். எனக்கு மூணு தடவை வாந்தி. முதல் தடவை காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு நான் பார்க்கலை. பல் டாக்டர் சட்டையைக் கழட்டி அலசிப் போட்டுக்கிட்டாரு. அவரு தொழில்ல இதெல்லாம் சகஜம்தானே. ஜெபக்கனி வீட்டுத் திண்ணையில உக்காந்த மாதிரி உக்காந்து, பட்டுச் சேலையை மடியில போட்டுத் தைச்சுக்கிட்டு வர்றா. படகு குதிக்குது, அவ தையல் ஒரு நூல் பிசகலை.

பாருக்கு மேல வந்து நிறுத்தினாங்க. பார்னா கடலுக்கு அடியில பாறை மேடு, மீன் அங்கதான் குடியிருக்கும். இருபது பாகம் ஆழம், ஓட்டம் பலமா இருக்குன்னு சொல்லி மூணு பேரும் நூத்தி இருபது கிராம் கட்டினாங்க. மூணு பேரு நரம்பும் தலைமுடி மாதிரி மெல்லிசு, கீழே போனது கண்ணுக்கே தெரியலை. நான் என் ராணியை எடுத்து முத்தம் குடுத்து விட்டேன். அவங்களோடது எல்லாம் கீழே போச்சு. என்னோடது இலங்கைப் பக்கம் போச்சு.

போகுது, போகுது, ஆரஞ்சு நரம்பு பட்டத்து நூல் மாதிரி நீளமாப் போயிக்கிட்டே இருக்கு. கஸ்பார் சொன்னாரு, அண்ணாச்சி, அது தரைக்குப் போகலை, நரம்பு தடிமன், தண்ணி அடிச்சுக்கிட்டுப் போகுதுன்னு. நான் காதுல வாங்கலை. ஏன்னா சரியா அந்த நேரம் ஒரு இழுப்பு. சரியான இழுப்பு. இழுத்தேன். பல் டாக்டரும் மீன்னு இழுத்தாரு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நல்ல வேகமா இழுத்துக்கிட்டிருக்கும்போது முத்துமாலை சாருக்கும் மீன் விழுந்துச்சு. அப்புறம் கஸ்பாருக்கு. முதல் நாள், முதல் தடவை, ஒரே இழுப்புல மூணு பேரையும் பிடிச்சிருக்கேன். படகோட்டி இருதயம்னு ஒருத்தன், அவன் மட்டும் தப்பிச்சான், அவன்கிட்ட தூண்டில் இல்லை.

மேல வந்தது ஒரு பந்து. நாலு நரம்பும் சிக்கி, நடுவுல ஆரஞ்சு. கஸ்பார் கத்தியை எடுத்தாரு. புது நரம்பாம், போன வாரம்தான் சுத்தினதாம். எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு, அந்தக் கத்தி நரம்பை மட்டும் வெட்டப் போறது இல்லை, சீட்டையும் சேர்த்துத்தான்.

ஜெபக்கனி ஊசியைச் சேலையில குத்தி வச்சுட்டுச் சொன்னா: "கத்தி வேண்டாம்ண்ணே. இங்க தாங்க."

அவ சிக்கு எடுக்கிறதை நீங்க பார்த்ததில்லை. இழுக்கவே மாட்டா. உதறி உதறி இடம் விடுவா. மூணு பேரையும் கையை விரிச்சு வச்சுக்கிட்டு எதிர்ல உக்காரச் சொல்லி, ஒவ்வொருத்தர் நரம்பையும் பிரிக்கப் பிரிக்க அவங்கவங்க கையிலயே சுத்திவிட்டா. இழுவைக் கப்பல் ஓட்டினவரு, பிசிக்ஸ் வாத்தியார், பல் டாக்டர், மூணு பேரும் கையை நீட்டிக்கிட்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மாதிரி உக்காந்திருக்காங்க. கால் மணி நேரம். ஒரு அடி நரம்பு வீணாகலை. என்னோட ஆரஞ்சை மட்டும் பல்லால கடிச்சுத் துண்டாக்கிப் போட்டா. கை தவறிப் பண்ணியிருப்பா.

அப்புறம் சும்மா இருந்தாளா? கஸ்பாரோட நரம்பை விரல்ல உருட்டிக்கிட்டே கேள்வியாக் கேக்கா. இவ்வளவு மெல்லிசா இருக்கிறது அடியில மட்டும் ரெண்டு பாகம் ஏன் தடிச்சிருக்குன்னு. பாறையில உரசினா மெல்லிசு அறுந்துரும், அதுக்காக அடியில ஒரு தடிச்ச துண்டு கட்டுறதுன்னு அவரு சொல்லுதாரு. உடனே இவ, "அப்போ சேலைக்கு ஃபால்ஸ் வைக்கிறது மாதிரி. தரையில உரசுற இடத்துக்கு மட்டும் தடிப்பு. ஈயம்தான் அதை நேரா விழ வைக்கிற கனம். மேல உள்ளது எவ்வளவு லேசோ அவ்வளவு நேரா விழும், என்னண்ணே?"

கஸ்பார் அவளையே பார்த்துக்கிட்டிருந்தாரு. முப்பத்தஞ்சு வருஷக் கடல்காரர்கிட்ட ஃபால்ஸைப் பத்திப் பேசுதாளேன்னு எனக்கு ஒரே வெக்கம். யாரையும் கை வைக்க விடமாட்டேன்னாரே அந்தப் பெட்டி, அதைத் திறந்து அவ முன்னால நகர்த்தி வச்சாரு. அவ ஒவ்வொரு ஈயமா உள்ளங்கையில வச்சுத் தூக்கிப் பார்த்து, பெயின்டே இல்லாத ஒரு நூத்தி இருபது கிராம் கட்டையை எடுத்தா. அழுக்குக் கலர். அந்தக் கலருக்கு எங்க கடையில பேரு கூடக் கிடையாது. எனக்கு மனசு கேக்கலை. தலை சுத்தி உக்காந்திருந்தவன் எந்திரிச்சு, பையில இருந்த ராணி கலர் பிட்டுல ஒரு சின்னத் துண்டைக் கிழிச்சு அதோட கொக்கியில கட்டிவிட்டேன். அவ சரிங்கன்னு சொல்லிட்டு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உக்காந்து இறக்கினா.

வாய்க்குள்ள எண்ணுதா. இருபத்தெட்டு எண்ணும்போது தரை தட்டிச்சு. தூக்கினா, திரும்ப விட்டா, இருபத்தெட்டு. மூணாவது தடவை பத்தொன்பதுலயே நிறுத்திட்டு தூண்டில் கம்பைத் தூக்கிட்டா. ஏன்டி தரை வரலையே, அவசரக்குடுக்கைன்னு நான் சொல்லி முடிக்கல, கம்பு வளைஞ்சு தண்ணியைத் தொடுது. அப்புறம் கேட்டதுக்குச் சொன்னா, பாபின்ல நூல் தீரப்போகும்போது கையில ஒரு கனம் குறையுமே, அது மாதிரி நரம்பு லேசாச்சு, யாரோ கீழே தாங்கிப் பிடிச்சிருக்காங்கன்னு தெரிஞ்சுதுன்னு. இறங்கும்போதே மீன் வாயில வாங்கிருச்சாம். அவ சுத்துதா, கால் ரெண்டும் தானா மெஷின் மிதிக்கிற மாதிரி ஆடுது. கஸ்பார் கம்பை வாங்கக் கை நீட்டவே இல்லை. விடு விடு, இப்ப சுத்து, விடுன்னு பக்கத்துல நின்னு சொன்னதோட சரி.

கலவா. ஏழு கிலோ. வாயைத் திறந்தா நம்ம கல்லாப்பெட்டியே உள்ள போகும்.

இப்ப ஒண்ணு கவனிங்க. மீன் வாயில நான் கட்டின ராணித் துண்டு இல்லை. அப்போ எங்க போச்சு? முழுங்கிருச்சு. வந்ததே அதுக்கு ஆசைப்பட்டுத்தானே. படகுக்குப் பக்கத்துல அதே கலர்ல ஒரு துண்டு மிதந்துக்கிட்டு இருந்துச்சு, நானும் பார்த்தேன். அது வேற யாரோடதாவது இருக்கும். கடல் எவ்வளவு பெரிசு.

அன்னைக்கு அவ அஞ்சு மீன் பிடிச்சா. அஞ்சாவது மீன் வரும்போது பல் டாக்டர் எதையோ சொன்னாரு, அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டே ஒரு பதில் சொன்னா. மூணு பேரும் சிரிச்சாங்க பாருங்க. அதே சிரிப்பு. ரோட்டுக்கு அந்தப் பக்கத்துல இருந்து ஆறு வருஷம் கேட்டேன்னு சொன்னேனே. நான் படகோட அடியில எலுமிச்சம்பழத்தை மூக்குல வச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன். நானும் சிரிச்சேன். கொஞ்சம் தாமதமாச்சு, என்ன சொன்னான்னு கேக்கலை.

திங்கக்கிழமை கஸ்பார் கடைக்கே வந்துட்டாரு. டீ வரவழைச்சேன். குடிச்சாரு. துணி அடுக்கின ராக்கையெல்லாம் சுத்திப் பார்த்தாரு. அப்புறம் உள்ள மெஷின் பக்கம் திரும்பி, மதினி, சனிக்கிழமை அஞ்சரைக்கு ஹார்பர் கேட்டுக்கு வந்துருங்கன்னாரு. மெஷின் சத்தம் நின்னுபோச்சு. அப்போ நானுன்னு கேட்டேன். கேக்கக்கூடாதுதான், வாய் கேட்டுருச்சு.

அவரு என் தோள்ல கையை வச்சாரு. "அண்ணாச்சி, நீங்க கரையில இருந்து கலர் சொல்லுங்க. அது போதும்."

எவ்வளவு பெரிய வார்த்தை பாருங்க. முதல்ல எனக்கு விளங்கலை, மனசு கொஞ்சம் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. ஜெபக்கனி மத்தியானம் சோறு போடும்போது சொன்னா, அது நீங்க ஆசைப்பட்ட சீட்டு, நீங்க வேண்டாம்னா நான் போகமாட்டேன்னு. குழம்பை ஊத்தாமக் கரண்டியைப் பிடிச்சுக்கிட்டே நிக்கா. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல அவ எதையும் வேணும்னு சொன்னதில்லை. அன்னைக்கும் சொல்லலை. போயிட்டு வான்னுட்டேன். அப்புறம் யோசிச்சுப் பார்த்தாத்தான் தெரியுது, பெரிய வேலை எல்லாமே கரையில இருந்து செய்யுறதுதானே. கப்பலே ஆனாலும் லைட் ஹவுஸ் தரையிலதான இருக்கு.

அஞ்சு மாசமாச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நூத்தி இருபது கிராமை எடுத்து வெயில்ல வச்சுப் பார்த்து நான் பெயின்ட் அடிச்சுக் குடுப்பேன். அந்தந்த வாரத்துக்கு ஏத்த கலர். போன வாரம் மாதுளை. இந்த வாரம் மறுபடி ராணி.

ஆட்டோ வந்துருச்சு பாருங்க. நான் சொன்னேன்ல ஒண்ணரைன்னு? மணியைப் பாருங்க, ஒண்ணு முப்பத்தி ரெண்டு. ஏ ஜெபக்கனி, இவங்க ராமர் பச்சைக்காரங்க, நிச்சயதார்த்தம். கையைக் கழுவிட்டு முதல்ல இதை எடு. பார்த்தீங்களா, உக்காந்துட்டா, நூலும் கோத்துட்டா. இருபது நிமிஷம்தான்.

இதைப் பாருங்கம்மா, இதுதான் இன்னைக்குப் போன ஜிக். பிடிச்சுப் பாருங்க, நாத்தம் எல்லாம் இல்லை. நேத்துச் சாயங்காலம் மேலெல்லாம் ராணி கலர் அடிச்சது. ஒரு பொட்டு பெயின்ட் மிச்சம் இருக்கா? வெறும் ஈயம். ஒவ்வொரு வாரமும் இப்படித்தான் வரும். எப்படிக் கடிச்சுக் கடிச்சுத் தின்னிருக்குன்னு பாருங்க. கலர் சரியில்லைன்னா இப்படி வழிச்சுத் தின்னுமா? அவ கட்டைவிரல் நகத்தைக் கவனிங்க, உள்ள ராணி கலர் ஒட்டியிருக்கு. மீனைக் கொக்கியில இருந்து கழட்டும்போது அது வாயில இருந்தது ஒட்டியிருக்கும்.

என்னது? மெஷினை நிறுத்திட்டுச் சொல்லு, கேக்கலை.

கேட்டீங்களாம்மா என்ன சொல்லுதான்னு? பல் டாக்டர் நாகர்கோவில்ல இன்னொரு ஆஸ்பத்திரி திறக்காராம். சனிக்கிழமை எல்லாம் அங்க இருக்கணுமாம். அதனால படகுல ஒரு சீட்டு காலியாம். அண்ணாச்சி வாராரான்னு கேட்டுப் பாருங்க மதினின்னு கஸ்பாரே சொல்லிவிட்டாராம்.

கொஞ்சம் இருங்க. தண்ணி குடிச்சுக்கிடுதேன்.

ஆறு வருஷம்மா. அந்த ரோட்டை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன். கூப்பிட்டுட்டாங்க பாருங்க. அவங்களாவே கூப்பிட்டுட்டாங்க.

இல்லை ஜெபக்கனி. நான் வரலைன்னு சொல்லிரு. மரியாதையாச் சொல்லு. வருத்தம் ஒண்ணும் இல்லைன்னு சொல்லு. நானும் படகுல ஏறிட்டா கரையில இருந்து யாரு கலர் சொல்றது? இத்தனை மீனும் எதை நம்பி வருது? ஒரு சீட்டுக்காக அத்தனையையும் விட்டுட்டு வர முடியாது. மூணு பேரே போங்க, தாராளமா இருக்கும்.

அவளைப் பாருங்கம்மா. முகத்தை அப்படியே சேலைக்குள்ள புதைச்சுக்கிட்டா. தோள் குலுங்குது பாருங்க. நான் வருவேன்னு எவ்வளவு நம்பியிருந்தா எனக்குல்ல தெரியும். இருபத்தாறு வருஷமா அவ இப்படித்தான், எவ்வளவு வருத்தம் இருந்தாலும் சத்தம் வெளிய வராம அழுவா. சும்மா இருடி, வந்தவங்க முன்னால.

அடடா, நீங்களுமா? வாயை எதுக்குப் பொத்துதீங்க? பரவாயில்லம்மா, எனக்குப் பழகிப் போச்சு. கண்ணைத் துடைங்க, துடைங்க. அந்தப் பச்சையில மட்டும் படாமப் பார்த்துக்கோங்க.